செய்கூலியும் சேதாரமும்: கையால் தைத்த ஒரு நோட்டுக்கு விலை வைப்பது

நகைக்கடையில் ஒரு சவரன் சங்கிலி வாங்கும்போது, தங்கத்தின் அன்றைய விலையோடு செய்கூலி எவ்வளவு, சேதாரம் எத்தனை சதவீதம் என்று விசாரித்துவிட்டுத்தான் நம்மில் பெரும்பாலோர் பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம். பேரம் பேசுவோம், சதவீதத்தைக் குறைக்கச் சொல்வோம், பக்கத்துக் கடையில் கேட்டுவிட்டு வருகிறோம் என்போம். ஆனால் செய்தவருக்கு ஒரு கூலி உண்டு என்பதையும், செய்யும்போது கொஞ்சம் பொருள் வீணாகும் என்பதையும் யாரும் மறுப்பதில்லை. நான் கையால் தைத்து விற்கும் நோட்டுப் புத்தகத்துக்கு விலை சொல்லும் இடத்தில் மட்டும் இந்த இரண்டு சொற்களும் எப்படியோ காணாமல் போய்விடுகின்றன. வாங்குபவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. விலை வைத்த நானே ஆறு ஆண்டுகள் அவற்றை மறந்திருந்தேன்.

நான் வளர்ந்தது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அங்கிருந்த ஓர் அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். பாரம் என்னும் தாள் தொகுதியை மடிப்பது, வரிசைப்படுத்துவது, தைப்பது, மைதாவைக் காய்ச்சி மயில்துத்தம் கலந்து பூச்சி அரிக்காத பசை செய்வது எல்லாவற்றையும் அங்கிருந்த மேஸ்திரிதான் கற்றுக்கொடுத்தார். புத்தகத்தின் முதுகுக்கு ஒரு கை பசை பூசி, அதைக் காயவிட்டு, இரண்டாவது கை பூச வேண்டும் என்று அவர் ஒவ்வொரு முறையும் சொல்வார். ரசீதுப் புத்தகமும் கல்யாணப் பத்திரிகையும் வந்து குவிந்துகொண்டிருந்த அந்த அச்சகத்தில் இரண்டாவது கைக்கு நேரம் கிடைத்ததே இல்லை. எங்களுக்குக் கூலி பாரக் கணக்கு. நூறு பாரம் மடித்தால் இவ்வளவு, நூறு புத்தகம் தைத்தால் இவ்வளவு என்று சனிக்கிழமை மாலை கைக்கு வரும். அந்த நாட்களில் என்னுடைய ஒரு மணி நேரத்தின் விலை எனக்குக் காசு பிசகாமல் தெரியும். திருமணமாகிப் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்கு வந்து, 2018ஆம் ஆண்டு மாடி அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்துச் சொந்தமாக நோட்டு தைக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கணக்கு என் கையை விட்டுப் போனது.

முதல் நோட்டுக்கு 350 ரூபாய் என்று விலை வைத்தேன். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று இப்போது யோசித்தால், அதன் அடியில் அச்சம் மட்டும்தான் இருந்தது. எழுதுபொருள் கடையில் அதே அளவு நோட்டு 60 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வெள்ளை நகரம் என்னும் பிரெஞ்சுப் பகுதிக் கடைகளிலோ அதே போன்ற நோட்டு ஆயிரத்தை ஒட்டி விற்கிறது. முதல் விலையைச் சொல்ல முடியாது, இரண்டாவது விலையைச் சொல்லத் துணிவில்லை. நடுவில், முகம் சுளிக்காமல் கொடுப்பார்கள் என்று தோன்றிய ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டேன். விற்றது. விற்றதால் சரியான விலை என்று நம்பினேன். கையால் செய்து விற்கும் பலரும் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறோம் என்று நினைக்கிறேன். ஒரு விலைக்குப் பொருள் விற்றுவிடுகிறது என்பது, அந்த விலையில் செய்தவர் பிழைக்க முடியும் என்பதற்குச் சான்றாகாது.

நோட்டு என்று நான் சொல்வது ஏ5 அளவில் 160 பக்கம் கொண்டது. நான்கு தாள்களை ஒன்றாக மடித்தால் 16 பக்கம் கொண்ட ஒரு பாரம் வரும். அப்படிப் பத்துப் பாரங்கள். ஒவ்வொரு பாரத்தின் மடிப்பையும் எலும்புப் பட்டையால் அழுத்தித் தேய்த்து, அச்சுப் பலகையில் வைத்துக் குத்தூசியால் துளையிட்டு, தேன்மெழுகில் இழுத்த லினன் நூலால் பாரத்தின் உள்ளே நுழைந்து வெளியே வந்து, ஒவ்வொரு முனையிலும் கீழே உள்ள பாரத்தோடு முடிச்சிட்டுப் பிணைத்துக்கொண்டே மேலேற வேண்டும். நூலை இழுக்கும் திசை முக்கியம். முதுகுக்கு இணையாக இழுத்தால் முடிச்சு இறுகும், நேரே மேல்நோக்கி இழுத்தால் தாள் கிழியும். இறுக்கம் கூடினால் நோட்டு விறைத்துக்கொள்ளும், குறைந்தால் பாரங்கள் ஆடும். சரியாகத் தைத்த நோட்டை எந்தப் பக்கத்தில் திறந்து மேசையில் வைத்தாலும், கையை எடுத்த பிறகும், அது தட்டையாகப் படுத்திருக்கும். ஒட்டி மட்டும் செய்த நோட்டில் இது நடக்காது. வாங்குபவர் கடையில் நின்று அட்டையைத் தடவிப் பார்க்கும் அரை நிமிடத்தில் இதைக் கண்டுகொள்ள வழியில்லை. நான்கு மாதம் எழுதிய பிறகுதான் தெரியும்.

2024 ஜூன் மாதத்தில் ஒரு காரியம் செய்தேன். தொலைபேசியின் நிறுத்துக் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த மாதம் முழுவதும் ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தை எழுதி வைத்தேன். ஒரு நோட்டுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும் என்பது அதுவரை என் எண்ணம். பத்துப் பத்தாகச் செய்யும்போது, தாள் மடிக்க 12 நிமிடம், துளையிட 6, தைக்க 28, முதுகு உருட்டிப் பசை பூச 10, அட்டையும் துணியும் வெட்ட 14, மேலட்டை கட்ட 16, அட்டையின் உட்புறத்தில் உள்தாள் ஒட்டி அழுத்தத்தில் வைக்க 9, சரிபார்த்து உறையிட 5 என்று, ஒரு நோட்டுக்குச் சரியாக 100 நிமிடம் வந்தது. நான் நினைத்திருந்தது தையல் நேரத்தையும் அட்டை வெட்டிக் கட்டும் நேரத்தையும் மட்டும்தான் போலிருக்கிறது. கையில் ஊசி இல்லாத நேரத்தை உடம்பு வேலையாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

அதைவிடப் பெரிய செய்தி அந்தப் பட்டியலுக்கு வெளியே இருந்தது. மாதத்தில் 25 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று 200 மணி நேரம் உழைத்தேன். அதில் நோட்டு செய்வதற்குப் போனது 118 மணி நேரம். மீதி 82 மணி நேரம் தாள் வாங்கப் போனதிலும், வெட்டு இயந்திரம் உள்ள இடத்தில் காத்திருந்ததிலும், வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொன்னதிலும், படம் எடுத்ததிலும், அஞ்சலகத்தில் நின்றதிலும், கடைக்காரரிடம் பாக்கி கேட்டு நடந்ததிலும் போயிருந்தது. இவற்றைச் செய்யாமல் நோட்டு விற்காது. ஆனால் இவற்றுக்கு என் விலையில் ஒரு காசு கூட இல்லை.

பிறகு பணக்கணக்கு. தாள் 64 ரூபாய், அட்டை 22, மேல்துணி 45, உள்தாளுக்கு 30, நூல், மெழுகு, பசை, நாடா எல்லாம் சேர்த்து 19, உறை 15, வெட்டும்போது வீணாகும் துண்டுகளுக்கு 15 என்று பொருள் செலவு மட்டும் 210 ரூபாய். உள்தாள் சற்று அதிகம்தான். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதப் பட்டறை 1959 முதல் பருத்திக் கந்தலிலிருந்து தாள் செய்கிறது. அந்தத் தாளைத் தொட்டுப் பழகிய பிறகு வேறு தாளை உள்ளே ஒட்ட எனக்கு மனம் வருவதில்லை. ஆக 350 ரூபாயில் எனக்கு நின்றது 140. மாதம் 70 நோட்டு, எல்லாமே நேரடியாக விற்றது என்று வைத்துக்கொண்டாலும் 9,800. அறை வாடகை, மின்சாரம், தொலைபேசி, போக்குவரத்து 3,800 போக 6,000. அதை 25 நாளால் வகுத்தால் நாளுக்கு 240 ரூபாய்.

அந்த 2024-25 நிதியாண்டில், நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் அறிவித்திருந்த கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். அதே வாரம் எங்கள் தெருவில் மதில் கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரின் நாள் கூலி 1,000. நான் அன்று மாலை வெகுநேரம் மாடியில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களைவிட என் கூலி உயர்ந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. அவர்களுடைய கூலியே குறைவு. பன்னிரண்டு ஆண்டு கற்ற வேலையை அதற்கும் கீழே நானே ஏலம் போட்டிருக்கிறேன், யாரும் கேட்காமலே போட்டிருக்கிறேன் என்பதுதான் வலித்தது.

இன்னொன்றும் வலித்தது, அதை இங்கே சொல்லியாக வேண்டும். லாஸ்பேட்டையில் என்னைப் போலவே நோட்டு தைக்கும் ஒரு பெண் இருக்கிறார். கணவர் இல்லை, இந்த வருமானத்தில்தான் பிள்ளையைப் படிக்க வைக்கிறார். ஒரு நாள் தாள் கடையில் சந்தித்தபோது, தயங்கித் தயங்கி, “அக்கா, நான் அறுநூறு சொன்னா, முத்தியால்பேட்டையில முந்நூத்தைம்பதுக்கே கிடைக்குதேன்னு சொல்றாங்க” என்றார். என் வீட்டில் இன்னொரு சம்பளம் வருகிறது. நான் குறைத்துக் கொடுத்தது என் பெருந்தன்மை என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்தப் பெருந்தன்மையின் செலவை வேறொருவர் கட்டிக்கொண்டிருந்தார். குடும்பத்தில் வேறு வருமானம் இருப்பவர்கள், பொழுதுபோக்காகச் செய்பவர்கள், ‘பொருள் காசு வந்தால் போதும்’ என்று விலை வைக்கும்போது, அந்தத் தொழிலையே நம்பி இருப்பவரின் கூலியைத்தான் கீழே இழுக்கிறோம். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

புதிய கணக்கைக் கூலியிலிருந்து தொடங்கினேன். கொத்தனாரின் ஆயிரத்துக்குப் போகவில்லை. நாளுக்கு 800 என்று வைத்தேன். 25 நாளுக்கு 20,000 ரூபாய். வாடகை முதலியவற்றுக்கு 3,800. சேதாரத்துக்கு என்று 2,400. மொத்தம் 26,200. இதை 200 மணி நேரத்தால் வகுக்கக் கூடாது, 118 மணி நேரத்தால், அதாவது 7,080 நிமிடத்தால் வகுக்க வேண்டும். ஏனென்றால் அஞ்சலகத்தில் நின்ற நேரத்துக்குத் தனியாக யாரும் பணம் தரப்போவதில்லை, அந்த நேரத்தையும் நோட்டுதான் சுமந்தாக வேண்டும். வகுத்தால் நிமிடத்துக்கு 3 ரூபாய் 70 காசு வருகிறது. இந்த ஒரு எண் கிடைத்த பிறகு எல்லாமே தெளிவானது. நூறு நிமிட நோட்டுக்குச் செய்கூலி 370, பொருள் 210, அடக்க விலை 580.

சேதாரம் என்று தனியாக 2,400 வைத்ததை என் கணவர்கூட அதிகம் என்றுதான் சொன்னார். எனக்கு முந்தைய ஆண்டின் நினைவு இருந்தது. மில்லில் செய்யும் தாளுக்கும் அட்டைக்கும் நாரோட்டம், அதாவது நார்கள் ஓடும் திசை, உண்டு. அது புத்தகத்தின் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். ஒரு முறை அட்டையை அவசரத்தில் குறுக்காக வெட்டிவிட்டேன். துணி ஒட்டிப் பசை காய்ந்ததும் 24 நோட்டுகளின் அட்டையும் வில்லாக வளைந்து நின்றன. எல்லாவற்றையும் உரித்தேன், பாரங்கள் மட்டும் பிழைத்தன. அடுத்து வந்தது புயல். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மாடி அறைதானே என்று தைரியமாக இருந்தேன். சாளரத்தின் இடுக்கு வழியாக வந்த தண்ணீர் சுவரோரம் அடுக்கியிருந்த தாளின் அடியில் புகுந்திருந்தது. மேலே இருந்த ரீம்கள் கூட ஈரக் காற்றில் அலையலையாகிவிட்டன. போனது 8,400 ரூபாய் தாள். சேதாரப் பணம் ஒதுக்கத் தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, பெட்டியில் 3,000 இருந்தது. அந்த மூவாயிரம் இல்லாதிருந்தால் டிசம்பர் ஆர்டருக்குத் தாள் வாங்கக் கடன்தான் கேட்டிருப்பேன். கடலோரத்தில் தாளை வைத்துத் தொழில் செய்பவருக்கு ஐப்பசியும் கார்த்திகையும் எப்போதும் சேதார மாதங்கள்தான். வெயில் காலத்தில் ஓர் இரவில் காயும் நோட்டு அப்போது இரண்டு நாள் எடுத்துக்கொள்கிறது. அழுத்துப் பலகை காலியாகாமல் அடுத்த பத்தைத் தொடங்க முடியாது.

அடக்க விலை 580 என்றால் விற்கும் விலையும் 580 என்று வைத்துவிடலாமா? நேரடியாக மட்டும் விற்பவர் அதற்குக் கொஞ்சம் மேலே வைத்துக்கொள்ளலாம். கடைகளுக்கும் கொடுப்பதாக இருந்தால் முடியாது. விற்ற பிறகு பணம் என்ற முறையில் கடைகள் நூற்றுக்கு 35 முதல் 50 வரை பங்கு கேட்கின்றன. இதைக் கொள்ளை என்று நானும் ஒரு காலத்தில் பேசியதுண்டு. இப்போது பேச மாட்டேன். மிஷன் வீதியை ஒட்டிய ஒரு கடையின் வாடகையையும், அங்கே நாள் முழுவதும் நின்று பயணிகளிடம் பேசும் பெண்ணின் சம்பளத்தையும் யோசித்தால், அந்தப் பங்கில் என்னுடைய 82 மணி நேரத்தின் ஒரு பகுதியை அவர்கள் சுமக்கிறார்கள் என்பது புரிகிறது. 50 சதவீதம் கேட்ட கடைக்கு மறுத்துவிட்டேன், ஏனென்றால் அங்கே விலையை 1,160 என்று வைத்தால்தான் என் 580 என் கைக்கு வரும். 35 சதவீதத்துக்கு ஒப்புக்கொண்ட கடைக்கு, விற்கும் விலை 900 என்று முடிவு செய்தோம். 315 அவர்களுக்கு, 585 எனக்கு.

அதே நோட்டை நேரடியாகக் கேட்பவருக்கும் 900தான். கடையில் பார்த்துவிட்டு என் எண்ணைக் கண்டுபிடித்து, “கடைக்குக் கொடுக்கிறதை எங்களுக்குக் குறைச்சுக் கொடுங்க” என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பதில் தவறில்லை. ஆனால் நான் கொடுத்தால், என் பொருளைத் தன் அலமாரியில் வைத்திருப்பவரை முதுகில் குத்தியதாகிவிடும். நேரடி விற்பனையில் மிஞ்சும் அந்த 315 ரூபாய், படம் எடுத்து, பேசி, பொட்டலம் கட்டி, அனுப்பும் எனக்கு நான் தரும் கடைப்பங்கு.

கடைகளோடு எழுத்தில் இல்லாத ஏற்பாடு வைத்துக்கொள்ளக் கூடாது என்பதை ஆறு அவுரி நீல நோட்டுகள் கற்றுத்தந்தன. ஒரு கடையில் கண்ணாடி ஓரம் மூன்று மாதம் வெயிலில் நின்று, ஒரு பக்கம் மட்டும் வெளிறிப்போய்த் திரும்பி வந்தன. விற்கவில்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கேட்க என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இப்போது கொடுக்கும்போதே இரண்டு படிகளில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். எத்தனை நோட்டு, என்ன விலை, மாதம் பத்தாம் தேதிக்குள் பணம், கடையில் இருக்கும்போது கெட்டால் கடையின் பொறுப்பு என்ற நான்கு வரிகள்தான். கையெழுத்திடத் தயங்கிய கடைக்கு இதுவரை பொருள் கொடுத்ததில்லை.

விலையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் புதுச்சேரியை அடுத்த வில்லியனூர் நினைவுக்கு வருகிறது. 1971ஆம் ஆண்டு ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டப் பட்டறையின் வழியாகப் புதுச்சேரியில் பீங்கான் கலைஞர்களின் ஒரு பரம்பரையே உருவாகியிருக்கிறது. அவ்வாறு வந்த ஒருவரின் தேநீர்க் கோப்பையை நானே பல நூறு ரூபாய் கொடுத்து வாங்கி வைத்திருக்கிறேன், அதற்கு அது தகும். அதே ஊரில் வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மைக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆயினும் வண்டியில் வரும் சுடுமண் குதிரைக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி நாம் வாதாடுகிறோம். இரண்டும் மண், இரண்டும் கை, இரண்டும் சூளை. குறியீடு பெயரைக் காக்கிறது, விலையை அது சொல்லித்தருவதில்லை. ஒருவருடைய பொருள் வெளிச்சமுள்ள அறையில் தனியாக நிற்கிறது, இன்னொருவருடையது தெருவோரம் குவியலாகக் கிடக்கிறது என்பதை வைத்தே நாம் கூலியை முடிவு செய்கிறோம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. என்னால் முடிந்தது, தெருவில் வாங்கும்போது பேரம் பேசுவதை நிறுத்திக்கொண்டது.

350 ரூபாயிலிருந்து 900க்கு ஒரே நாளில் போகவில்லை. 2024 அக்டோபரில் 550, 2025 ஏப்ரலில் 750, அந்த அக்டோபரில் 900. ஒவ்வொரு முறையும் பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒரு மாதம் முன்னதாகவே எழுதிச் சொன்னேன், காரணத்தையும் மேலே உள்ள கணக்கையும் சேர்த்து. சிலர் விலகினார்கள். அவர்களில் ஓர் ஆசிரியை, ஒவ்வொரு ஜூன் மாதமும் இரண்டு நோட்டு வாங்கியவர், இனி முடியாது என்று நேர்மையாகச் சொன்னார். அவருக்கு மட்டும் பழைய விலைக்குக் கொடுக்கலாமா என்று ஒரு வாரம் தத்தளித்தேன். பிறகு விலையைத் தொடாமல் பொருளை மாற்றினேன். தடித்த தாள் மேலட்டை, ஒரே பாரம், நடுவில் ஐந்து துளையிட்ட நடுத்தையல். 25 நிமிடத்தில் முடிகிறது, 92 ரூபாய் செய்கூலி, 75 பொருள், 180 ரூபாய்க்கு விற்கிறேன். இது கடைக்குப் போகாது. ஆசிரியை இப்போது ஆண்டுக்கு ஆறு வாங்குகிறார். இதற்கு நேர்மாறாக, எல்லோருக்கும் பிடித்திருந்த உள்ளங்கை அளவு நோட்டைக் கைவிட்டேன். சிறியது என்பதால் 150 ரூபாய் சொல்லிக்கொண்டிருந்தேன். சிறியதைத் தைக்கவும் 70 நிமிடம் ஆகிறது, அடக்கமே 350ஐத் தொடுகிறது. அளவு பாதியானால் உழைப்பும் பாதியாகும் என்று வாங்குபவர் நினைப்பது இயல்பு, ஆனால் ஊசிக்கு அது தெரியாது.

மொத்தமாக வாங்கினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்ற கேள்விக்கு முன்பெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். இப்போது அளந்து வைத்திருக்கிறேன். ஐம்பது நோட்டு ஒரே அளவில் ஒரே துணியில் செய்தால் 100 நிமிடம் 86 ஆகக் குறைகிறது. வெட்டுவதும் அளப்பதும்தான் குறைகின்றன, தையல் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. அதில் 52 ரூபாயும், தாளை மொத்தமாக வாங்குவதில் 12 ரூபாயும் மிச்சம். கடைப்பங்கு இல்லாததால் அந்த 315 ரூபாயில் பாதியையும் விட்டுக்கொடுக்க முடியும். ஆக 680 ரூபாய் வரை இறங்கலாம். சென்ற புத்தாண்டுக்கு ஒரு நிறுவனம் நூறு நோட்டு கேட்டு, 450 என்றால் உடனே முன்பணம் என்றது. என் அடக்கம் 516. மறுத்தேன். அந்த டிசம்பரில் சில நாட்கள் அழுத்துப் பலகை வெறுமையாகத்தான் நின்றது, அதைப் பார்த்தபோதெல்லாம் தவறு செய்துவிட்டோமோ என்று தோன்றியது. நூறு நோட்டை ஒவ்வொன்றுக்கும் 66 ரூபாய் என் கையிலிருந்து போட்டுத் தைத்திருந்தால் பலகை நிறைந்திருக்கும், ஜனவரியில் நான்தான் வெறுமையாகியிருப்பேன்.

பழைய புத்தகம் பழுதுபார்ப்பது தனி உலகம். வில்லியனூரிலிருந்து ஒரு பெரியம்மா தன் தாயார் கையால் எழுதிய சமையல் குறிப்பேட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். எண்ணெய்க் கறையும் மஞ்சள் கறையும் படிந்த, ஓரம் பொடிந்த தாள்கள். மேலோட்டமாகப் பார்த்து 600 ரூபாய் என்றேன். பிரித்த பிறகுதான் பாதித் தாள்கள் மடிப்பில் முழுவதும் விட்டுப்போயிருப்பது தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் மெல்லிய தாள் பட்டை ஒட்டிக் காயவைத்து முடிக்கப் பதினோரு மணி நேரம் ஆனது. சொன்ன சொல்லை மாற்றவில்லை. அந்த வேலையைச் செய்ததில் எனக்கு இன்றும் நிறைவுதான். பிரித்துப் பார்க்காமல் விலை சொன்னதுதான் பிழை. இப்போது பார்ப்பதற்கு 100 ரூபாய் வாங்கிக்கொண்டு, மணிக்கு 222 என்ற கணக்கையும் அதிகபட்சம் எவ்வளவு வரும் என்பதையும் எழுதிக் கொடுத்து, அவர்கள் சரி என்ற பிறகுதான் நூலை அறுக்கிறேன்.

வரியைப் பற்றி ஒரு வரி. பொருள் விற்பவர்களுக்கு ஜிஎஸ்டி பதிவுக்கான ஆண்டு விற்பனை வரம்பு தமிழ்நாட்டில் 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம். கடலூரில் இருக்கும் தோழிக்கும் எனக்கும் இடையே இருபத்து சொச்சம் கிலோமீட்டர்தான், வரம்பு மட்டும் பாதி. நான் அந்த வரம்புக்கு வெகு கீழே இருக்கிறேன். பதிவு இல்லாததால் பில்லில் வரி போட முடியாது, வாங்கும் தாளுக்குக் கட்டிய வரியும் திரும்பாது. ஆகவே அந்த வரியையும் பொருள் விலையாகவே எழுத வேண்டும். பலர் வரி நீக்கிய விலையைக் குறித்துக்கொண்டு ஏமாறுகிறார்கள்.

உறவினர்களுக்கு என்ன விலை என்று கேட்டு இளையவர்கள் சிலர் எனக்கு எழுதுகிறார்கள். நான் உறவினருக்குப் பரிசாகக் கொடுப்பேன், அல்லது முழு விலைக்குக் கொடுப்பேன். பாதி விலை என்ற ஒன்றை வைத்துக்கொள்ளவில்லை.

ஆண்டுக்கு இரு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், மறுபடி கடிகாரம் வைத்து அளக்கிறேன். இந்த ஏப்ரலில் அளந்தபோது தையல் 28 நிமிடத்திலிருந்து 25 ஆகியிருந்தது. முதலில் மகிழ்ச்சி, பிறகு ஒரு குழப்பம். நிமிடக் கணக்குப்படி பார்த்தால் நோட்டின் விலையில் 11 ரூபாய் குறைய வேண்டும். கை தேறத் தேறக் கூலி குறையும் என்றால் அந்தக் கணக்கில் ஏதோ கோணல் இருக்கிறது. அந்த மூன்று நிமிடத்தை எனக்கு யாரும் இலவசமாகத் தரவில்லை, இத்தனை ஆண்டுகளாக விரல் நுனியில் ஊசி ஏறி ஏறி வந்தது அது. விலையைக் குறைக்கவில்லை. அந்த மூன்று நிமிடத்தில், முதல் கை பசை காய்ந்த பிறகு, ஒவ்வொரு நோட்டின் முதுகுக்கும் இரண்டாவது கை பூசுகிறேன்.